பூச்சியமும் வெறும் கட்டமும்: ஒரு போத்தல் மழைமானிக் கதை

ஐப்பசி பிறக்க ஒரு கிழமை இருக்கையில், ஆறு வெறும் சோடாப் போத்தல்களோடும் பார்மசியில் வாங்கிய இரண்டு சிரிஞ்சுகளோடும் தரம் 10 வகுப்புக்குள் நுழைந்தேன். "சேர், இண்டைக்கு விஞ்ஞான பாடமோ?" என்று முன்வாங்கிலிருந்து ஒரு குரல். இல்லை, புள்ளிவிபரவியல்தான்.

மீடிறன் அட்டவணை, ஆகாரம், இடையம், இடை (அதாவது சராசரி) எல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். யாரோ ஒரு கடையில் யாரோ வாங்கிய தேங்காய்களுக்கு இடை கண்டு நமக்கென்ன என்பதுதான் அவர்கள் முகத்தில் தெரிந்தது. நாங்கள் இருப்பது மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு போகும் வீதியை விட்டு உள்ளே ஒதுங்கிய ஊர். காலபோகம் (மாரிகால நெல்) மழையை நம்பி, சிறுபோகம் (கோடைகால நெல்) குளத்தை நம்பி. சரி, மழையையே அளப்போம் என்று முடிவெடுத்தேன். மழையை அளப்பது, குளத்தில் நிற்கும் தண்ணீரைக் கணக்கிடுவது, பங்குனியில் சிறுபோகக் கூட்டம் கூடும்போது இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பிள்ளைகளே ஒரு எண்ணைச் சொல்வது. இவ்வளவுதான் திட்டம். ஆறு மாதம் எடுத்தது, அதில் பாதி பிழை திருத்துவதில் போனது. இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்தப் பிழைகளைத்தான்.

போத்தலின் உடம்பு நேராகத் தொடங்கும் இடத்தில் சுற்றி வெட்டி, மேற்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே செருகினால் புனல் வந்துவிடும். மழைமானி தயார். வெளியே அடிமட்டம் ஒட்டித் தண்ணீரின் உயரத்தை வாசிப்பதுதான் வழக்கமாகச் சொல்லித்தரும் முறை. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் தூறலிலேயே பல்லிளித்தது. சோடாப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடி தட்டையாக இருக்காது, ஐந்து இதழ்ப் பூ மாதிரிக் குழியும் மேடுமாக இருக்கும். முதலில் விழும் மழையெல்லாம் அந்தக் குழிகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அடிமட்டமோ பூச்சியத்திலேயே நிற்கும். அடியில் சீமெந்து ஊற்றித் தட்டையாக்கலாம். எங்களிடம் சீமெந்து இல்லை, சிரிஞ்ச் இருந்தது. ஆகவே உயரத்தை விட்டுவிட்டுக் கனவளவை அளந்தோம்.

வாயின் விட்டம் 8.8 சென்ரிமீற்றர், ஆரை 4.4. ஆரையின் வர்க்கத்தை இருபத்திரண்டின் கீழ் ஏழால் பெருக்கினால் வாயின் பரப்பளவு ஏறத்தாழ 60.8 சதுர சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் அந்த வட்டத்தின் மேல் 0.1 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு தண்ணீர்த் தகடு; கனவளவு 6.08 மில்லிலீற்றர். ஆக, சிரிஞ்சில் ஆறு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் மழை. இந்த வரியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்கக்கூடாது என்று கட்டம் போட்டுவைத்தோம்.

அப்போதுதான் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள். "தண்ணி லீற்றர்க் கணக்குத்தானே சேர், மழையை மட்டும் ஏன் நீளத்தில சொல்லினம்?" இரண்டு வருடமாக அவள் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வாளியையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையையும் முற்றத்தில் வைத்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருந்தோம். வாளிக்குள் விழுந்த தண்ணீர் கனக்க, கோப்பைக்குள் விழுந்தது கொஞ்சம். ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் வாய்ப் பரப்பளவால் வகுத்தால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை. எட்டு அங்குல வாயுள்ள மழைமானியும் ஐந்து அங்குல வாயுள்ளதும் உலகத்தில் பாவனையில் இருப்பதும், இரண்டும் ஒரே எண்ணைச் சொல்வதும் இதனால்தான். அன்று பாடப்புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் சரியாக ஒரு லீற்றர். இதைச் சொன்னதும் ஒருவன் பள்ளிக்கூடக் கூரையை அளக்கக் கிளம்பிவிட்டான். நீளம் 18 மீற்றர், அகலம் 6 மீற்றர், மொத்தம் 108 சதுர மீற்றர். முந்தின இரவு 44 மில்லிமீற்றர் பெய்திருந்தது. 4,752 லீற்றர். பீலிக்குக் கீழே நிற்பது ஆயிரம் லீற்றர்த் தாங்கி. "அப்ப மூண்டே முக்கால் தாங்கித் தண்ணி சும்மா ஓடிப்போச்சுதோ?" ஓம், ஓடிப்போய்விட்டது.

அந்த 44க்கும் ஒரு கதை உண்டு. ஆடு மாடு தட்டிவிடும் என்ற பயத்தில் முதலாவது மழைமானியை ஆசிரியர் அறைக்குப் பக்கத்து வேப்பமரத்தின் கீழ் வைத்திருந்தோம். அதில் அன்று 31தான் இருந்தது. வெட்டையில் மண்ணுக்குள் பைப்துண்டு புதைத்து அதற்குள் நிறுத்தியதில்தான் 44. மரம் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் வை என்று சொல்வார்கள், அதுவும் காரணத்தோடுதான். முதல் பன்னிரண்டு நாள் வாசிப்பைத் தூக்கி எறிந்தோம். எறியும்போது எனக்குத்தான் மனம் வரவில்லை, பிள்ளைகள் கவலைப்படவில்லை.

வாசிக்கும் நேரம் காலை 8.30. வானிலை அவதான நிலையத்தாரும் முந்தின நாள் 8.30 தொடக்கம் அன்று 8.30 வரையான மழையைத்தான் ஒரு நாள் மழை என்று கணக்கெடுப்பார்கள். அதனால் நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். அது இரண்டாம் பாடவேளைக்கு நடுவில் வரும். வெளியே போய் வாசிக்க யார் முறை என்பதில் நடந்த சண்டையைப் பற்றி ஆங்கிலப் பாட ரீச்சரிடம்தான் கேட்கவேண்டும்.

கார்த்திகை முடிவில் எல்லாவற்றையும் என் மடிக்கணினியில் எக்செலில் ஏற்றினோம். மாதவாரியாக வரைபு போட்டுச் சுவரில் காட்டியதும் ஒருவன் எழும்பினான்.

"சேர், ஜூலையில 62 மில்லிமீற்றர் பெஞ்சிருக்கு."

சோளகம் வீசும் மாதம். வன்னியில் அப்போது புழுதிதான் பறக்கும். போதாக்குறைக்கு நாங்கள் அளக்கத் தொடங்கியதே ஒக்டோபரில். வரைபைப் பார்த்தால் ஜூலை மட்டுமில்லை, மார்ச், மே, ஓகஸ்ட் என்று பல மாதங்களிலும் மழை. அதுவும் எல்லாம் 11ஆம் திகதி!

கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போனது. என் கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வாசிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. நவம்பர் 7 என்று நினைத்து 7/11 என்று பிள்ளை அடித்ததைக் கணினி ஜூலை 11 என்று எடுத்துக்கொண்டது. நவம்பரின் முதல் பன்னிரண்டு நாள் மழையும் பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. 13ஆம் திகதி தொடக்கம் வந்தவற்றைப் பதின்மூன்றாம் மாதம் என்று எடுக்கமுடியாததால் வெறும் எழுத்தாக விட்டுவைத்தது. கட்டத்தை உற்றுப் பார்த்தால் அது தெரியும்: திகதியாக ஏற்றுக்கொண்டவை வலப்பக்கம் ஒட்டி நின்றன, எழுத்தாக விட்டவை இடப்பக்கம். அன்றிலிருந்து வருடம், மாதம், நாள் என்று மூன்றையும் மூன்று நிரலில் தனித்தனியே அடிக்கிறோம். பழைய முறைதான், ஆனால் கணினிக்கு ஊகிக்க இடமில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த அட்டவணைக்குள்ளேயே கிடந்தது. அதைக் கணினி பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. சனி, ஞாயிறு வாசிக்க ஆள் இல்லை. திங்கட்கிழமை கொப்பியை நிரப்பிய பிள்ளை, வெறுமையாக விட்டால் நான் ஏசுவேன் என்று பயந்து, அந்த இரண்டு நாளுக்கும் 0 என்று எழுதியிருந்தது. போத்தலுக்குள் மூன்று நாள் மழை ஒன்றாகச் சேர்ந்து திங்கட்கிழமைக் கணக்கில் விழுந்தது. கூட்டுத்தொகையில் பிழை வரவில்லை. ஆனால் "மழை பெய்யாத நாட்கள் எத்தனை" என்று எண்ணினால் பிழை, "ஒரு நாளில் ஆகக் கூடிய மழை" என்று தேடினாலும் பிழை. எங்கள் தரவின்படி வன்னியில் திங்கட்கிழமைகளில்தான் மழை கொட்டுகிறது!

பூச்சியம் என்றால் அளந்தோம், இல்லை. வெறும் கட்டம் என்றால் அளக்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு ஒரு பாடவேளை தேவைப்பட்டது, அதை விளங்கிக்கொண்ட பிள்ளைகள் அதை வைத்து என்னையே மடக்க ஒரு கிழமை தேவைப்பட்டது. தவணைப் பரீட்சைப் புள்ளிகளை மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் வகுப்புச் சராசரி கேட்டிருந்தார்கள். நான் மேசையில் வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்தவள், முன்பு மழையை ஏன் நீளத்தில் சொல்கிறார்கள் என்று கேட்ட அதே பிள்ளை.

"சேர், வராத நாலு பேருக்கும் 0 போட்டிருக்கிறியள்."

32 பேர் வகுப்பில் 28 பேர்தான் எழுதினார்கள், மொத்தப் புள்ளி 1,344. 28ஆல் வகுத்தால் 48, அதாவது சி சித்திக்கு இரண்டு புள்ளிதான் குறைவு. 32ஆல் வகுத்தால் 42. படிவமோ வராதவருக்கு 0 என்றுதான் கேட்கிறது. எத்தனையோ வருடமாக நான் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை வைத்து எத்தனை கூட்டங்களில் எத்தனை பேர் ஏச்சு வாங்கியிருப்போமோ தெரியாது. இந்த முறை இரண்டு எண்ணையும் எழுதி, வராதோர் 4 என்று பக்கத்தில் குறித்து அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

அப்புறம் இன்னொரு வேலையும் செய்தோம், அதை மற்ற ஆசிரியர்களுக்கும் சிபாரிசு செய்வேன். 28 பிள்ளைகளுக்கு 28 நிரை, 20 வினாக்களுக்கு 20 நிரல். சரியென்றால் 1, எழுதிப் பிழைத்தால் 0, தொடவேயில்லை என்றால் வெறுமை. பிறகு கூடுதலாகச் சரிசெய்த பிள்ளையை மேலேயும், கூடுதலான பேர் சரிசெய்த வினாவை இடப்பக்கத்திலும் வரும்படி அடுக்கினோம். யப்பானில் சாத்தோ என்பவர் 1970களில் இப்படி ஒரு அட்டவணை முறையைக் கொண்டுவந்தார். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை, கட்டத் தாளே போதும். பார்த்தவுடன் கண்ணில் பட்டது, கடைசி ஐந்து வினாக்களில் 0 மிகக் குறைவு, நிறைய வெறுமை. அந்தப் பகுதி பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று நான் இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்பப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான். மாறாகப் பதினாலாம் வினா, கூட்டு வட்டி, முழுக்க 0. எழுதியிருக்கிறார்கள், எல்லாரும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறார்கள்: இரண்டாம் வருட வட்டியையும் முதல் வருட முதலுக்கே கண்டிருக்கிறார்கள். அதைத் திருத்த ஒரு பாடவேளை போதுமாயிருந்தது.

வரவு இடாப்பையும் மழைக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மழை நாளில்தான் வரவு குறையும் என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன். தோற்றுப்போனேன். மழை நாளில் எல்லாரும் வருகிறார்கள். வராத நாட்கள் மாசியில், நல்ல வெயிலில். அரிவி வெட்டி நெல் காயப்போடும் நாட்கள்.

வெறும் கட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த மண்ணில் அது போத்தலோடு முடியாது. கோட்டு வரைபு படிப்பிக்க, முல்லைத்தீவு மாவட்டச் சனத்தொகையை எடுத்தேன். 1981இல் ஒரு கணக்கெடுப்பு. 1991இல் நாட்டில் எங்குமே நடக்கவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது, எங்கள் மாவட்டம் அந்தப் பதினெட்டில் இல்லை. அடுத்த முழு எண்ணிக்கை 2012இல். கிளிநொச்சியை எடுப்போம் என்றால், 1984இல்தான் அது யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது, 1981 அட்டவணையில் அந்தப் பெயரே இல்லை. எக்செலில் 1981க்கும் 2012க்கும் உள்ள இரண்டு எண்ணையும் கொடுத்தேன். அது இரண்டு புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, மெல்ல ஏறிப்போகும் அழகான கோடு ஒன்றைத் தந்தது.

"அப்ப 2009 ஆடி மாசமும் இங்க சனம் இருந்திருக்கெண்டெல்லோ கோடு சொல்லுது?" என்றான் ஒருவன். அவனுடைய தாய் தகப்பன் அந்த ஆடி மாதம் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில். வகுப்பில் அநேகமாக எல்லாருடைய தாய் தகப்பனும் அங்கேதான். கோட்டை அழித்தேன். புள்ளிகள் இரண்டும் தனியே நின்றன. அந்த வரைபு இப்போதும் அப்படியேதான் சுவரில் இருக்கிறது.

தை பிறந்து மழை ஓய்ந்தது, வேலை குளத்துப் பக்கம் திரும்பியது. குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போவது பாதி, வானத்துக்குப் போவது மீதி. ஆவியாவதை அளக்க ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசன் வாங்கி, உள்ளே ஓர் ஆணியை நிறுத்தி ஒட்டினோம். ஒவ்வொரு நாளும் 8.30க்கு ஆணி முனை மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பவேண்டும். ஊற்றிய அளவுதான் முந்தின நாள் ஆவியானது. பேசனின் விட்டம் 56 சென்ரிமீற்றர், ஆரை 28, வாய்ப் பரப்பு 2,464 சதுர சென்ரிமீற்றர். ஆகவே 246 மில்லிலீற்றர் ஊற்றினால் ஒரு மில்லிமீற்றர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் ஒன்பது நாள்: 5, 6, 5, 6, 6, 5, 24, 6, 5.

ஏழாம் நாள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் மற்ற நாளைப் போலத்தான். காற்றும் அப்படித்தான். பேசனைச் சுற்றியிருந்த ஈரமண்ணைக் குனிந்து பார்த்த பொடியன்தான் சிரித்தான். நாயின் காலடி.

இடை கண்டோம்: 68ஐ ஒன்பதால் வகுக்க 7.6. ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தோம்: இடையம் 6. நாய் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இடையம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது, இடை ஒரேயடியாக ஏறிவிடுகிறது. இடையம் எதற்கு என்று இனி அந்த வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் அதோடு விடவில்லை. வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர், நூறு நாளுக்கு 160, அதாவது அரையடிக்குக் கொஞ்சம் மேல். எங்கள் குளம் நிரம்பினால் தண்ணீர் பரவுவது 20 ஏக்கர். 20 ஏக்கரில் அரையடி என்றால் 10 ஏக்கர்-அடி. சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நாலு ஏக்கர்-அடி தேவை என்று வைத்தால், நாய் ஒரு தரம் நாக்கை நனைத்ததில் தாளில் இரண்டரை ஏக்கர் வயல் காணாமற் போய்விட்டது. நாய்க்கு அன்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. எழுதினால் அந்த வீட்டுக்காரர் கோபிப்பார்.

பழைய மாணவி ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில் வேலை. லீவில் வந்தவள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "எங்கட லைனிலயும் இதே பிரச்சினைதான் சேர்" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். ஒரு லைனில் 30 பேர், ஒரு மணித்தியாலத்தில் மொத்தம் 1,800 நிமிடம். ஓர் உடுப்புக்கு எஸ்.எம்.வி., அதாவது தைக்கவேண்டிய நியம நேரம், 12 நிமிடம் என்போம். 90 உடுப்பு முடிந்தால் 1,080 நிமிட வேலை. 1,080ஐ 1,800ஆல் வகுத்தால் 60 வீதம். ஆனால் அந்த மணித்தியாலத்தில் 20 நிமிடம் கரண்ட் இல்லை. அந்த நேரத்தைக் கழித்தால் கையில் இருந்தது 1,200 நிமிடம்தான், வினைத்திறன் 90 வீதம். அதே பெண்கள், அதே 90 உடுப்பு. "நிண்ட நேரத்தை ஒழுங்கா எழுதி வைக்கிற ஆள் லைனில இல்லாட்டி, பின்னேரம் ஏச்சு எங்களுக்கு." தரம் 10இல் கணிதம் எதற்கு என்று என்னிடம் சண்டை பிடித்தவள் இவள்தான். அதை நான் நினைவுபடுத்தவில்லை.

சரி, குளம். சின்னக் குளங்களுக்குத் தண்ணீர்க் கொள்ளளவு காண ஒரு தோராய வாய்பாடு பழக்கத்தில் உண்டு: பரவிய பரப்பை ஆகக் கூடிய ஆழத்தால் பெருக்கி, அதில் 0.4 பங்கு. அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளோடு யோசித்தோம். குளம் கவிழ்த்த கூம்பாக இருந்தால் மூன்றில் ஒன்று. சட்டியைப்போல அடி உருண்டு பரவளைவாக இருந்தால் இரண்டில் ஒன்று. உண்மையான குளம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. 20 ஏக்கர், துருசடியில், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகடியில், 8 அடி: 64 ஏக்கர்-அடி. துருசுக்குக் கீழே மீனுக்கும் மாட்டுக்கும் என்று நிற்பது 4. பேசனில் ஆவியாவது குளத்தை விடக் கூட, ஏனென்றால் சின்னப் பாத்திரம் கெதியாகச் சூடேறும், ஆகவே 0.7ஆல் பெருக்கி ஒரு நாளைக்கு 4.2 மில்லிமீற்றர். நூறு நாளில் 420, அது 1.38 அடி. தண்ணீர் வற்ற வற்றப் பரப்பும் சுருங்கும் என்பதால் சராசரியாக 12 ஏக்கர் என்று வைத்தோம், இழப்பு 16.5. மிச்சம் 43.5. நாலால் வகுக்கப் பதினொரு ஏக்கர், கொஞ்சம் குறைய.

பெரிய மட்டையில் வரைபும் எண்ணும் எழுதி, இரண்டு பிள்ளைகள் சிறுபோகக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கமக்காரர் பொறுமையாகக் கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த முதியவர், இந்தக் குளத்தின் கீழ் ஐம்பது வருடம் விதைத்தவர், மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் வடிவாத்தான் கிடக்கு மோனை. கசிவை எங்க கழிச்சனீங்கள்?"

நாங்கள் கழிக்கவில்லை. அணைக்கட்டுக்குக் கீழே, வெயில் காலத்திலும் புல்லுப் பச்சையாக நிற்கும் இடத்தை ஒவ்வொரு நாளும் கடந்துதான் பள்ளிக்கூடம் வருகிறோம். எப்படி விட்டோம் என்று தெரியவில்லை. "எத்தினை ஏக்கர் ஐயா செய்யலாம்?" என்று கேட்டேன். "தண்ணி அந்த மூண்டாங் கல்லிலதானே மாஸ்ரர் நிக்குது. ஆறேழு ஏக்கர். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது."

அடுத்த நாளே அளந்தோம். துருசு பூட்டிக்கிடந்தது, மழையும் இல்லை. பன்னிரண்டு நாளில் தண்ணீர் மட்டம் நாலு அங்குலம் இறங்கியது, ஒரு நாளைக்கு 8.5 மில்லிமீற்றர். அதில் 4.2 ஆவி என்றால் மிச்சம் 4.3 கசிவு. கணக்கைத் திரும்பப் போட்டோம்: நூறு நாளில் 850 மில்லிமீற்றர், 2.8 அடி, இழப்பு 33.5. மிச்சம் 26.5 ஏக்கர்-அடி. நாலால் வகுக்க ஆறரை ஏக்கர் சொச்சம்.

இன்னொன்றையும் ஒரு பிள்ளை சுட்டிக்காட்டியது. ஆவியும் கசிவும் சேர்ந்த 8.5ஐத்தான் குளத்து மட்டமே நேராகச் சொல்லிவிட்டதே, பிறகு பேசன் எதற்கு? உண்மை. இரண்டு மாதம் பேசனுக்குத் தண்ணீர் ஊற்றியதை விட, குளத்தில் ஒரு கம்பை நட்டு அடையாளம் போட்டிருந்தால் பன்னிரண்டு நாளில் விடை வந்திருக்கும். நாய்க்கும் வேலை இருந்திருக்காது.

கூட்டத்தில் ஏழு ஏக்கர் நெல்லும், மிச்சத்தில் விரும்பியவர்கள் பயறும் கௌபியும் என்று முடிவானது. எங்கள் மட்டைக்காக அப்படி முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், மூன்றாங் கல்லுக்காகத்தான். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இப்போது அடிக்கணக்கில் வெள்ளைப் பெயின்ற் கோடு போட்டிருக்கிறார்கள். முதியவர்தான் நின்று காட்டிக்கொடுத்தார், எந்தக் கல்லில் தண்ணீர் நின்றால் எத்தனை ஏக்கர் என்றும் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒருத்தி எழுதிக்கொண்டாள்.

இந்த முறை ஐப்பசிக்குப் புதுக் கொப்பி போட்டோம். பேசனைக் கைவிடப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை, கோழிவலை போட்டு மூடியிருக்கிறார்கள். மழைமானி மூன்று, மூன்றும் வெட்டையில். சனி, ஞாயிறு வாசிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சிரிஞ்ச் கொடுத்திருக்கிறோம். கொப்பியில் ஒரு நிரல் கூடியிருக்கிறது, தலைப்பு: "வெறுமை என்றால் ஏன்". பெரும்பாலும் அந்த நிரல் காலியாகத்தான் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது: "வாசிக்கவில்லை. கேற்றடியில் யானை நின்றது."